தியான நாளில் சுஜா எடுத்துவந்தது

ஆடிக் கிருத்திகை அன்றைக்குத் திருத்தணியில் கால் வைக்க இடம் இருக்காது. மலைப்படி முழுக்க மஞ்சள் துணியும் காவடியும். ரயிலடியில் இறங்குகிற கூட்டம் அப்படியே தெருவை அடைத்துக்கொண்டு நகரும். பள்ளிக்கூடம் கிடையாது, ஆபீஸ் கிடையாது, ஆட்டோ எந்தச் சந்திலும் நுழையாது. ஊரில் இருக்கிற கிறிஸ்தவர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர்கள் இல்லை. வாசலில் குடம் வைத்துக் காவடிக்காரர்களின் காலில் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் அவர்கள் வீடுகளும் உண்டு. ஆனால் தானாக வந்து விழுகிற விடுமுறையை வீணாக்கவும் அவர்களுக்கு மனசு வராது. சபைக்கு வருஷத்துக்கு ஒரு தியான நாள் உண்டு. அதை முருகன் தயவில் அன்றைக்கே வைத்துக்கொள்வார்கள்.

கே.ஜி.கண்டிகை பக்கம், ரோட்டை விட்டு உள்ளே, ஒரு கல்குன்றின் அடியில் சபைக்கு மாந்தோப்பு இருக்கிறது. வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்தில் வாங்கிப் போட்டது. காய்ப்பு குறைவு, நிழல் அதிகம். காலையில் வேனில் போய் இறங்கி, ஜமுக்காளம் விரித்து, பாட்டுப் பாடி, போதகரின் பிரசங்கத்தையும் கேட்டு முடித்த பிறகுதான் அந்த நாளின் உண்மையான வேலை ஆரம்பிக்கும். போனை எல்லாம் ஒரு கூடையில் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு திக்காகத் தனியே போய்விட வேண்டும். பேச்சு கூடாது. கர்த்தர் உண்டாக்கின மரம், செடி, கல், பூச்சி எதையாவது உற்றுப் பார்த்தால், அவரவர் வாழ்க்கையில் இனி எந்தப் பக்கம் திரும்புவது என்பதற்கு அதில் ஒரு பாடம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. மணி அடித்ததும் திரும்பி வந்து, பாடம் சொன்ன பொருளைத் தூக்கிக் காட்டி, எல்லார் முன்பும் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி முடியாமல் பிரியாணி அண்டாவின் மூடி திறக்காது.

கேலி செய்ய வேண்டுமானால் இதில் நிறைய இடம் இருக்கிறது. சபை மூப்பர் பிரபுதாஸ் வருஷா வருஷம் எறும்பைத்தான் பார்ப்பார். எறும்பிடம் அவர் கற்றுக்கொண்ட சுறுசுறுப்பு இத்தனை வருஷத்தில் அவர் வீட்டு வாசற்கதவின் உடைந்த கீலுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. கூழாங்கல்லைக் காட்டிப் பொறுமை என்பார்கள், சிறகைக் காட்டி விசுவாசம் என்பார்கள். பசி ஏற ஏற சாட்சிகள் சுருங்கிக்கொண்டே வரும்.

ஆனால் முழுக்கச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. வேலிப் பிரச்சினையில் பேச்சை நிறுத்தியிருந்த அண்ணனும் தம்பியும் ஒரு முள்ளைக் காட்டிச் சமாதானம் ஆனது இந்தத் தோப்பில்தான். அரபு நாட்டுக்குப் போவதா வேண்டாமா என்று தவித்த ஒருவன் பருந்தைப் பார்த்தேன் என்று சொன்னான். சொன்ன வாய்க்காகப் போயே ஆக வேண்டியதாயிற்று. சாட்சியில் சொன்னதை அப்புறம் மாற்றுகிற வழக்கம் சபையில் இல்லை. அதனால் இரண்டு மனசாக இருக்கிறவர்கள் இந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள். இந்த வருஷம் காத்திருந்தவன் பென்சன்.

பென்சன் மின்வாரியத்தில் லைன்மேன். ஆர்.கே.பேட்டை சுற்றுவட்டாரத்தில் அவன் ஏறாத கம்பம் இல்லை. கம்பத்தில் ஏறினால் கை நடுங்காது. கீழே இறங்கி ஜெபத்தில் உட்கார்ந்தால் முதல் கண்ணீர் அவனுடையதாக இருக்கும். அவன் மனைவி சுஜா அதற்கு நேர் எதிர். அவள் அழுது நாலு வருஷம் ஆகிறது. அப்போதும் அழுதாளா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

சுஜா திருத்தணியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னால், மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகள் ஹெப்சிக்கு ஜுரம் வந்தது. டெங்கு. மகளின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள் சுஜாதான். மெஷினில் வைத்தவளும் அவள்தான். டாக்டருக்கு முன்னால் அந்த முடிவைப் படித்தவளும் அவள்தான். படித்த அந்த நிமிஷத்தில் அவளுக்குள் ஏதோ நின்றுபோனது. பிறகு நடந்த ஆஸ்பத்திரி, சவப்பெட்டி, கல்லறைத் தோட்டம் எல்லாம் பக்கத்து வீட்டு டிவி சத்தம் மாதிரி கேட்டது. நின்றது திரும்ப ஓடவே இல்லை.

வெளியில் பார்க்கிறவர்களுக்கு அவள் தேறிவிட்டாள். வேலைக்குப் போகிறாள், சமைக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறக்கிறாள். குழம்பில் உப்பு இல்லை என்பது பென்சன் சொன்னால்தான் தெரியும். ஒருநாள் குக்கர் ஆவியில் புறங்கை வெந்துபோனதை அவள் கவனித்தது கொப்புளம் எழும்பிய பிறகு. பரிசோதனை நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி குத்த அவளைத்தான் கூப்பிடுவார்கள். குழந்தை எவ்வளவு வீறிட்டாலும் அவள் கை அசையாது. என்ன லேசான கை என்று தாய்மார்கள் புகழ்ந்துவிட்டுப் போவார்கள்.

ஹெப்சி பிறந்தபோதே சுஜாவின் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஆகவே, ஹெப்சியும் போன பிறகு, தத்தெடுக்கலாம் என்று பென்சன் அரசாங்கத்தின் தத்தெடுப்புத் தளத்தில் பதிவு செய்தான். அவன் பேனாவை நீட்டினான், அவள் கையெழுத்துப் போட்டாள். வருஷங்கள் போயின. போன வியாழக்கிழமை அவன் போனில் ஒரு படம் வந்தது. பச்சை கவுன் போட்ட பெண் குழந்தை, இரண்டு வயசு இருக்கும், யாரோ நிற்கச் சொன்ன இடத்தில் நின்றுகொண்டு கேமராவைச் சந்தேகமாகப் பார்க்கிறது. காப்பகத்தில் வைத்த பெயர் துளசி. வேண்டுமா வேண்டாமா என்று சனிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் படம் அடுத்த தம்பதிக்குப் போய்விடும். அந்தச் சனிக்கிழமைதான் ஆடிக் கிருத்திகையாக வந்து விழுந்தது. பென்சனுக்கு அதுவே பாதி அடையாளம்.

படத்தைப் பார்த்ததும் பென்சன் அழுதான். மோவாயைப் பாரு, ஹெப்சி மோவாய் மாதிரியே கீது என்றான். சுஜா பார்த்தாள். மோவாய் மாதிரிதான் இருந்தது, மோவாய். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது பார்த்தாள், படுக்கப் போகுமுன் பார்த்தாள். ரேஷன் கார்டில் இருக்கிற முகத்தைப் பார்ப்பதுபோல இருந்தது.

அதுதான் அவளைப் பயப்பட வைத்தது. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு கணக்கு. ஒரு குழந்தை வருகிறது என்று தெரிந்தும் ஒன்றுமே தோன்றாத ஒருத்தி, அந்தக் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? குளிப்பாட்டுவாள், சோறு ஊட்டுவாள். அதைக் காப்பகத்து ஆயாவும் செய்கிறாள். ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளையை இப்படிப்பட்டவளிடம் கொண்டுவந்து விடுவது பாவம் என்று அவளுக்குப் பட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் பென்சன் உடைந்துபோவான். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றவள், தியான நாள் வரட்டும் என்று அவன் சொன்னபோது, சரி என்று தலையாட்டிவிட்டாள்.

போனைக் கூடையில் போட்டுவிட்டுச் சுஜா குன்றின் மேல் கொஞ்ச தூரம் ஏறினாள். பாறைகளுக்கு நடுவே சீத்தா மரங்கள் காய் விட்டிருந்தன. ஆடிக் காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. தூரத்தில் கோயில் மலையும், அதில் ஊர்ந்துகொண்டிருக்கிற மஞ்சள் கோடும் தெரிந்தன. ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. நிழலாக இருந்த ஒரு பாறையில் உட்கார்ந்து, கடமை தவறாதவளாக, பார்க்க ஆரம்பித்தாள்.

பாறை இடுக்கில் ஒரு வேலமரம் முளைத்திருந்தது. மண்ணே இல்லாத இடத்தில் வேர் விட்டிருக்கிறது, ஆகவே விசுவாசம். பறவை கொத்திப் பாதி தின்ற சீத்தாப்பழம் ஒன்று, ஆகவே ஈகை. ஒரு வண்டு தன்னைவிடப் பெரிய சாண உருண்டையை மேட்டில் உருட்டிக்கொண்டு போனது, ஆகவே விடாமுயற்சி, கூடவே தாழ்மை. சபையில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒன்றாக அவளால் பாடம் எடுத்துக் கொடுக்க முடிந்தது. அவளுக்கென்று ஒன்றும் இல்லை. பாடங்கள் ஏராளமாக இருந்தன. கேட்கிற ஆள்தான் உள்ளே இல்லை. கர்த்தரே, ஏதாவது ஒன்று தோன்றட்டும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வண்டு மேட்டைத் தாண்டிவிட்டது. எழுந்து, எல்லாரையும் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"இன்னாம்மா தொலச்சிட்டீங்க? அல்லாரும் இப்படி குனிஞ்சிகினே போறீங்க?"

ஆடு மேய்க்கிற ஒரு பெண்பிள்ளை கையில் கோலோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துக் காலனியைச் சேர்ந்த கோவிந்தம்மாள். தோப்பில் மாங்காய்க் காலத்தில் காவலுக்கு இருப்பவள். சுஜாவுக்கு முகம் தெரியும். கொஞ்ச நேரமாக ஜனங்கள் தனித்தனியாகப் புதருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு திரிவதை அவள் கவலையோடு கவனித்திருக்கிறாள்.

பேசக் கூடாது என்பது விதி. ஆனாலும் கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை. ஒன்றும் தொலைக்கவில்லை என்றாள் சுஜா. கோவிந்தம்மாள் நம்பவில்லை. நகை தொலைத்தவர்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கம்மலா, திருகாணியா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கோலால் புல்லை விலக்கித் தேட ஆரம்பித்துவிட்டாள்.

இதை எப்படி விளக்குவது என்று சுஜாவுக்குத் தெரியவில்லை. விளக்கவும் அலுப்பாக இருந்தது. அவளும் குனிந்து தேடினாள். இன்னதென்று தெரியாத ஒன்றை இரண்டு பெண்களும் புல்லை விலக்கியும் கல்லைப் புரட்டியும் மும்முரமாகத் தேடினார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து சுஜாவுக்குப் பாரம் இல்லாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

ஒரு சப்பாத்திக் கள்ளிப் புதர் அருகில் கோவிந்தம்மாளின் கோல் நின்றது. பாம்பு உரித்த தோல், முழுசாக, கண் இருந்த இடம் உட்பட. சாரையாகத்தான் இருக்கும் என்றாள் கோவிந்தம்மாள். புதுசாக உரித்தது, பார்த்துக் காலை வையுங்கள் என்றாள். அப்போது கீழே மணி அடித்தது. சுஜாவின் கை வெறுங்கையாக இருந்தது. குனிந்து அந்தத் தோலை எடுத்துக்கொண்டாள். பயம் ஏதும் தோன்றவில்லை. அதை எதற்கு எடுக்கிறீர்கள் என்று கோவிந்தம்மாள் கேட்க, எதையாவது கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள் சுஜா. கோவிந்தம்மாள் ஆடுகளைக் கொஞ்சம் அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனாள்.

சாட்சி தொடங்கியது. பிரபுதாஸ் எறும்பைச் சொன்னார். கல்லூரி முடித்துவிட்டு மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்று தெரியாமல் இருந்த பிரிஸில்லா ஒரு புங்கங்காயைக் காட்டி, காய் முற்றாமல் உதிராது என்று கண்டுகொண்டதாகச் சொல்லி மேல்படிப்புக்கு முடிவு செய்தாள். அவளுடைய அப்பா முகத்தில் சந்தோஷமும் கவலையும் சேர்ந்து வந்தன. இப்படியே சுற்றிக்கொண்டு சுஜாவிடம் வந்தது.

அவள் தோலைத் தூக்கிக் காட்டினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் ஜமுக்காளத்தோடு பின்னால் நகர்ந்தார்கள்.

"இது கெடந்துச்சிங்க. எடுத்துகினு வந்தேன்," என்றாள். எல்லாரும் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. அவள் உட்காரப் போனாள்.

உட்கார விட்டிருக்கலாம். ஆனால் ஒரு சாட்சி அரைகுறையாக நிற்பதைப் போதகரின் மனைவி, பாஸ்டரம்மா பிரேமகுமாரியால் தாங்க முடியாது. கெட்ட மனசு கிடையாது அந்த அம்மாளுக்கு. ஹெப்சியை அடக்கம் செய்த மாதம் முழுக்கச் சுஜா வீட்டில் படுத்து, அவளை உட்கார வைத்துத் தலை சீவிவிட்டவள் அவள்தான். இப்போது எழுந்து வந்து சுஜாவின் தோளை அணைத்துக்கொண்டாள். கர்த்தர் நம் தங்கச்சியிடம் எவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறார் பாருங்கள் என்றாள். பாம்பு பழைய தோலோடு வளர முடியுமா? பழையதைக் கழற்றிப் போட்டால்தானே புதியது வரும்? நாலு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்த துக்கத்தை இன்றைக்கு இவள் கழற்றிவிட்டாள், அந்த வீட்டுக்குப் புது ஜீவன் வரப்போகிறது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படம் வந்த விஷயம் எல்லாருக்கும் தெரியும். சபையில் ஒரு விஷயம் தெரியாமல் இருக்க வேண்டுமானால் அது நடக்காமல் இருக்க வேண்டும்.

சுஜா கேட்டுக்கொண்டு நின்றாள். அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. மறுத்துச் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்தது. மறுக்கவும் ஒரு தெம்பு வேண்டுமே. இப்படியே விட்டுவிட்டால் அவளுக்காக எல்லாரும் முடிவு செய்துவிடுவார்கள்; அதுவும் ஒருவிதத்தில் நல்லதுதான் என்று நினைத்தாள்.

பென்சன் எழுந்தான். அவன் கையில் ஒரு பொருளும் இல்லை. நான் ஒன்றும் எடுத்து வரவில்லை, என் சம்சாரம் எடுத்து வந்ததுதான் எனக்கும் என்றான். கூடையிலிருந்து போனை எடுத்துவரச் சொல்லி, அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"அந்தப் பாப்பாவுக்கு ஹெப்சின்னே பேர் வைக்கப் போறோங்க. எங்க ஹெப்சிய கர்த்தர் திருப்பிக் குடுக்கறாரு."

அல்லேலூயா என்று தோப்பு அதிர்ந்தது. இந்த வருஷம் சபையில் நடக்கிற அறுப்பின் பண்டிகையிலேயே ஹெப்சிக்கு ஞானஸ்நானம் வைத்துவிடலாம் என்றார் போதகர். ஹெப்சி மோவாயும் அப்படியே இருக்காமே என்றது ஒரு குரல். ஹெப்சியின் கவுன்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேட்டது இன்னொரு குரல். இருக்குது, எல்லாம் பெட்டியிலேயே இருக்குது என்றான் பென்சன், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். யாரோ பாட்டு எடுத்தார்கள்.

சுஜாவின் கையில் ஏதோ நொறுங்கியது. பார்த்தாள். பாம்புத் தோல். விரல்கள் மூடியிருந்தன, அவள் மூடவில்லை. வயிற்றுக்குள் ஒரு சூடு கிளம்பி மேலே வந்தது. அது என்ன என்று அவளுக்கு உடனே தெரியவில்லை, அவ்வளவு நாள் ஆகிவிட்டது. பிறகு தெரிந்தது. கோபம்.

"ஹெப்சி செத்துட்டா," என்றாள்.

பாட்டு நின்றது. அந்தச் சபையில் யாரும் சாவதில்லை. கர்த்தருக்குள் நித்திரையடைவார்கள், மகிமைக்குள் போவார்கள், இளைப்பாறுவார்கள். கல்லறையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நாலு வருஷத்தில் சுஜாவின் வாயிலிருந்தும் அந்தச் சொல் வந்ததில்லை.

"அவ செத்துட்டா. அவ ஒண்ணும் கழட்டிப் போடற தோல் இல்ல. இந்தப் புள்ள அவளும் இல்ல. இதோட பேரு துளசி."

பென்சன் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றான். கோபமாகப் பேசாதே அம்மா என்று பிரேமகுமாரி மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, சுஜாவின் முகத்தைப் பார்த்து, தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள். போதகர் கண்ணை மூடிச் சுருக்கமாக ஒரு ஜெபம் செய்தார். அண்டாவின் மூடியைத் திறந்தார்கள். அதைவிட நல்ல யோசனை அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சுஜா குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கோபம் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. பழையபடி எல்லாம் தூரத்தில் கேட்டது. தட்டுச் சத்தம், சிறுபிள்ளைகள் எலும்புக்கு அடித்துக்கொள்வது, ஒலிபெருக்கி. அது போய்விட்டதில் அவளுக்கு வருத்தம்கூட இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் அவள் கவனித்துவிட்டாள். யாருக்காகக் கோபம் வந்தது என்று யோசித்தாள். ஹெப்சிக்காக என்றுதான் முதலில் நினைத்தாள். முழுக்க அப்படி இல்லை. செத்தவளின் பெயரை எடுத்து, செத்தவளின் கவுனை எடுத்து, பச்சை கவுன் போட்டுச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைக்கு மாட்டிவிடப் பார்த்தார்களே, அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அந்தக் குழந்தைக்காக உள்ளே ஒன்றுமே இல்லை என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், ஊரே கூடியிருந்த இடத்தில் அதற்காகச் சண்டைக்கு நின்றிருக்கிறாள். அன்பு என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. வைக்கவும் இல்லை.

பென்சன் பந்தியில் உட்காரவில்லை. கடைசி வரிசை மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். சுஜா ஒரு தட்டில் சோறு வாங்கிக்கொண்டு அவனிடம் போனாள். தட்டை வாங்கிக் கீழே வைத்தான். அவன் முகம் அடி வாங்கியது மாதிரி இருந்தது. பாவம் மனுஷன், மூன்று நாளாக ஹெப்சி வரப்போகிறாள் என்று நம்பி வாழ்ந்திருக்கிறான். அவளை இன்னொருமுறை புதைத்தது சுஜாதான். அதற்காக மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்டால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். கேட்கவில்லை.

"அப்ப வேணான்னு போட்டுடறேன்," என்றான். போனை அவளைப் பார்க்காமலே திறந்தான்.

"வேணான்னு யார் சொன்னா?"

அவன் நிமிர்ந்தான். சுஜா பக்கத்தில் உட்கார்ந்து, போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். படம் இருந்தது, அதன் கீழே இரண்டு பொத்தான்கள். கட்டைவிரலில் ஒரு துணுக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் புடவையில் துடைத்துவிட்டு, சம்மதம் என்று இருந்த இடத்தில் அழுத்தினாள். சிக்னல் சரியில்லாமல் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது.

"உனக்கு ஏதாவது தோணுச்சா?" என்று கேட்டான் பென்சன். நாலு வருஷத்தில் அவளை அவன் இப்படி நேராகக் கேட்டதில்லை.

"இல்லைங்க."

"ஒன்னும் தோணாம எப்படி சுஜா வளக்கறது?"

தோணாமலே தினமும் எழுந்திருக்கிறேன், தோணாமலே உங்களுக்குச் சமைக்கிறேன், அதுபோல இதையும் பார்த்துக்கொள்வேன் என்றாள் அவள். அவளுக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். குறைந்தபட்சம் அந்தக் குழந்தை மேல் யாரும் இன்னொருத்தியின் துணியைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளத் தன்னால் முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பென்சன் அழுதான். இந்தமுறை சத்தம் இல்லாமல், முகத்தை மறைக்காமல் அழுதான். அவள் தட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

பாதிச் சோறு போன பிறகு, லைன்மேனுக்கே உரிய ஜாக்கிரதையோடு, சபைக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டான். ஞானஸ்நானத்துக்கு ஒரு வேதாகமப் பெயர் வேண்டும். போதகர் துளசி என்று ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் தெளிப்பாரா?

"ரெஜிஸ்டருக்கு எது வேணா எழுதிக்கட்டும்," என்றாள் சுஜா. "நாம துளசின்னுதான் கூப்பிடணும். அந்தப் பேருக்குத்தானே அவ திரும்பிப் பாப்பா."